அலுமினியத்தையும் ஸ்டீலையும் சேர்க்கணுமா? வெல்டிங்கா, ரிவெட்டா, பசையா, வெடி வச்சு ஒட்டுன பட்டையா

எம்எஸ் (சாதா ஸ்டீல்) சட்டம் ரெடியா நிக்குது, அதுமேல அலுமினிய ஷீட் போடணும், இல்லன்னா அலுமினிய செக்கர் பிளேட்ட தளமா போடணும், வண்டி எடை குறையணும், மைலேஜ் கிடைக்கணும், துருவும் பிடிக்கக் கூடாது. கரூர்ல பஸ் பாடி கட்டுறவங்க, நாமக்கல்ல லாரி பாடி கட்டுறவங்க, கோயம்புத்தூர் பக்கம் சின்னதா ஃபேப்ரிகேஷன் வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் பழகின வேலைதான். ஆனா புதுசா தொழிலுக்கு வர்ற பசங்க கேக்கற முதல் கேள்வி எப்பவும் இதுதான்: "அண்ணா, இத வெல்டு பண்ண முடியுமா?"

முடியும். உலகத்துல நாலஞ்சு விதமா பண்ணிட்டுத்தான் இருக்காங்க. அதுல ஒண்ணு ரெண்டு நம்ம பட்டறைக்கும் வரும், மத்ததெல்லாம் கார் கம்பெனி சமாச்சாரம். என்னக் கேட்டா வெல்டு ஆகுமா ஆகாதாங்கறத ஓரமா வச்சுட்டு வேற நாலு விஷயத்த முதல்ல பாக்கணும்: அந்த ஜாயிண்ட்ல தண்ணி நிக்குமா, வெயில்ல எவ்வளவு நீளும், இழுவை எந்தப் பக்கம் வருது, பின்னாடி எப்பவாவது கழட்ட வேண்டி வருமா. இந்த நாலுக்கும் பதில் கைல இருந்தா முக்கால்வாசி ஆப்ஷன் தானா விழுந்துடும்.

நேரடி வெல்டிங் ஏன் நடக்காதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸ்ல உருகிடும், இரும்புக்கு 1538 வேணும். ஸ்டீல் நல்லா சிவந்து வர்றதுக்குள்ளயே அலுமினியம் தண்ணியா ஓடிடும். அதுக்கு மேல அலுமினியத்து மேல எப்பவும் ஒரு ஆக்சைடு தோல் இருக்கு, அது உருக 2000 டிகிரிக்கு மேல ஆகும். இதெல்லாம் கூட கை பழகினா சமாளிக்கலாம், உண்மையான வில்லன் வேற. கெட்டியா இருக்கற அலுமினியத்துக்குள்ள இரும்பு கிட்டத்தட்ட கரையவே கரையாது, அதிகபட்சமே 0.05 சதவீதம் அளவுதான். அதுக்கு மேல உள்ள போற இரும்பெல்லாம் அலுமினியத்தோட சேர்ந்து ஒரு புதுச் சேர்மமா மாறி ரெண்டுக்கும் நடுவுல ஒரு படலமா உக்காந்துக்கும். கடினத்துல ஸ்டீல விட மேல, ஆனா வளைச்சா அப்பளம் மாதிரி நொறுங்கும். மிக்ல (வயரே உருகி ஒட்டற கரன்ட் வெல்டிங்) அலுமினிய வயர் போட்டு ஸ்டீல் மேல ஓட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும், பீடு, அதாவது வெல்டு வரி, பாக்க அழகா உக்காரும், ஆறும்போது டிக் டிக்னு சத்தம் வரும், சுத்தியலால ஒரு தட்டு தட்டினா பீடு முழுசா கைல வந்துடும்.

இந்தப் படலம் ஏறக்குறைய 10 மைக்ரானுக்குள்ள இருந்தா ஜாயிண்ட் தாங்கும், தடிச்சா தாங்காதுன்றது இந்தத் துறைல எல்லாரும் வச்சிருக்கற பொதுக் கணக்கு. கார் கம்பெனிக்காரங்க கோடி கோடியா செலவு பண்ற முறைகள் எல்லாத்துக்கும் அடிப்படை இந்த ஒண்ணுதான், சூட்டையும் நேரத்தையும் குறைச்சு அந்தப் படலத்த தடிக்க விடாம பாத்துக்கறது. கைல டார்ச்சோ மிக் கன்னோ பிடிச்சுக்கிட்டு அந்தக் கட்டுப்பாடு வராது.

அப்புறம் இந்த வீடியோ விளம்பரம் இருக்கே, சின்ன டார்ச்சால சூடு பண்ணி ஒரு கம்பிய தேச்சா போதும், எந்த உலோகத்தையும் எதோட வேணாலும் ஒட்டலாம்னு. அது பெரும்பாலும் ஜிங்க்-அலுமினியக் கலவைக் கம்பி, அலுமினியத்த அலுமினியத்தோட ஒட்ட, ஓட்டை அடைக்க, பரவால்ல ரகம். ஸ்டீல் பக்கம் அது சரியா பரவி ஒட்டாது, ஜிஐ பூச்சு, அதாவது ஜிங்க் பூச்சு, இருந்தா கொஞ்சம் ஒட்டும். லோடு வாங்கற எடத்துல அத நம்பாதீங்க.

இப்ப தண்ணிக்கு வருவோம், எந்த முறையில சேர்த்தாலும் கடைசில ஜாயிண்ட்ட சாப்பிடறது இதுதான். ரெண்டு வேற வேற உலோகம் ஒண்ண ஒண்ணு தொட்டுக்கிட்டு, நடுவுல உப்புத் தண்ணியோ அழுக்குத் தண்ணியோ இருந்தா அது ஒரு பேட்டரி. அலுமினியம்-ஸ்டீல் ஜோடில கரையற பக்கம் அலுமினியம். வெள்ளைப் பொடியா பூக்கும், பெயிண்ட் கொப்புளம் விடும், அப்புறம் ரிவெட் ஓட்டை பெருசாகி ஷீட் கடகடன்னு ஆட ஆரம்பிக்கும். ஓட்டற ஆளு ரிவெட் லூஸுன்னு சொல்லுவாரு, ரிவெட் அங்கயேதான் இருக்கும், அதச் சுத்தி இருந்த அலுமினியம்தான் போயிருக்கும்.

இந்தப் பாடம் ரொம்பப் பழசு. 1761ல பிரிட்டிஷ் கடற்படைக்காரங்க அலார்ம்னு ஒரு கப்பலோட மர அடிப்பாகத்துல செம்புத் தகடு அடிச்சாங்க, இரும்பு ஆணி வச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா ஆணிங்க அரிச்சு ஒண்ணுமில்லாம போயிருக்கு. ஆனா சில எடத்துல ஆணி அப்படியே நல்லா இருந்துச்சு, என்னடான்னு பாத்தா தகட்டச் சுத்தி வந்த பழுப்புக் காகிதத்த அந்த எடத்துல மட்டும் பிரிக்காமயே அடிச்சிருக்காங்க, அந்தக் காகிதம் ஆணிக்கும் செம்புக்கும் நடுவுல மாட்டி ரெண்டையும் பிரிச்சு வச்சிருக்கு. இன்னிக்கு நாம போடற நைலான் வாஷர், ரப்பர் ஷீட், பிரைமர் எல்லாத்தோட வேலையும் அந்தக் காகிதம் பாத்த வேலைதான்.

அந்தத் தடுப்பு எத்தனை வருஷம் தாங்கும்னும் யோசிக்கணும். நியூயார்க்ல 1886ல நிறுத்தின சுதந்திர தேவி சிலைல வெளிய செம்புத் தோல், உள்ள இரும்புப் பட்டை, ரெண்டுக்கும் நடுவுல அரக்குல ஊறின ஆஸ்பெஸ்டாஸ் வச்சிருந்தாங்க. காலப்போக்குல அது உதிர்ந்து, ஈரத்த வேற உறிஞ்சி வச்சுக்கிட்டு, உள்ள இருந்த இரும்பு துரு ஏறி ஊதி, செம்புல அடிச்சிருந்த ரிவெட்டையே பிடுங்க ஆரம்பிச்சிடுச்சு. 1986ல முடிஞ்ச ரிப்பேர்ல அந்த இரும்புப் பட்டைகள எடுத்துட்டு ஸ்டெயின்லெஸ் போட்டு நடுவுல டெஃப்லான் டேப் வச்சாங்க. அதனாலதான் சாக்கு, ஃபெல்ட், அட்டைன்னு தண்ணி குடிக்கற எதையும் நடுவுல வைக்காதீங்கன்னு சொல்றது, அது தடுப்பு மாதிரி தெரியும், ஆனா பேட்டரிக்கு தண்ணி ஊத்தற வேலையத்தான் பாக்கும்.

நவீன உதாரணம் வேணும்னா அமெரிக்கக் கடற்படையோட அலுமினிய உடல் போர்க்கப்பல் இண்டிபெண்டன்ஸ், 2010ல படைல சேர்ந்துச்சு, அடுத்த வருஷமே வாட்டர்ஜெட் இருக்கற பகுதில ஸ்டீலும் அலுமினியமும் சேர்ற எடத்துல கடுமையான அரிப்புன்னு செய்தி வந்துடுச்சு. அவங்க கிட்ட இல்லாத இன்ஜினியரா!

பரப்பளவுக் கணக்கும் முக்கியம். பெரிய அலுமினியத் தகட்டுல சின்ன ஸ்டீல் போல்ட் போட்டா அரிப்பு பெரிய பரப்புல பரவி மெதுவாதான் நடக்கும். பெரிய ஸ்டீல் தகட்டுல சின்ன அலுமினிய ரிவெட் போட்டா மொத்தக் கோபமும் அந்த ரிவெட் மேலதான். பெயிண்ட் விஷயத்துலயும் இதே கணக்கு, நிறைய பேர் கரையப் போறது அலுமினியம்தானேன்னு அதுக்கு மட்டும் நல்லா பெயிண்ட் அடிச்சுட்டு ஸ்டீல அப்படியே விட்டுடுவாங்க, ரெண்டுல ஒண்ணுக்குத்தான் அடிக்க முடியும்னா ஸ்டீலுக்குத்தான் அடிக்கணும். ஏன்னா அலுமினியப் பெயிண்ட்ல ஒரு சின்னக் கீறல் விழுந்தா அந்தக் கீறல்ல மட்டும் அரிப்பு குவிஞ்சு ஓட்டையே போட்டுடும். ரெண்டுக்கும் அடிச்சா இன்னும் நல்லது.

எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டா பிரச்சினையே இல்லன்னு ஒரு நம்பிக்கை ஓடிட்டிருக்கு. வோல்டேஜ் கணக்குப்படி பாத்தா சாதா ஸ்டீல விட எஸ்எஸ்தான் அலுமினியத்துக்கு இன்னும் தூரத்துல இருக்கு, தூரம் கூடினா அரிப்பும் கூடலாம். போல்ட் சின்னது, தகடு பெருசுங்கறதால பெரும்பாலும் தப்பிச்சிடறாங்க, அதுவும் துரு பிடிக்காத போல்ட்டு அழகாவும் இருக்கும். கடலோரம்னா நடுவுல தடுப்பு இல்லாம எஸ்எஸ் போடவே கூடாது. உருகின ஜிங்க்ல முக்கி எடுத்த ஹாட் டிப் ஜிஐ போல்ட்தான் இதுல சத்தமில்லாம நல்லது பண்ற ஆளு, ஜிங்க் அலுமினியத்துக்குப் பக்கத்துலயே இருக்கு, கரையறதுன்னா ஜிங்க்தான் முதல்ல கரையும்.

தலைக்கு மேல போற ஹை டென்ஷன் லைன பாருங்க, பெரும்பாலான எடத்துல அது நடுவுல ஸ்டீல் கம்பி, சுத்தி அலுமினியக் கம்பி முறுக்கின ஏசிஎஸ்ஆர் கண்டக்டர். மழையிலயும் வெயில்லயும் பல வருஷம் ரெண்டும் ஒட்டிக்கிட்டே கிடக்குது, எந்த வெல்டும் இல்ல. ஸ்டீலுக்கு மேல இருக்கற ஜிங்க் பூச்சுதான் நடுவுல நிக்குது, தேவைப்பட்ட எடத்துல கிரீஸும் போடுவாங்க.

சரி, போல்ட். கழட்டி மாட்டணும்னா போல்ட்ட விட நல்லது எதுவுமில்ல. ஆனா தடுப்பு வைக்கறேன்னு ஒரு நைலான் வாஷர மட்டும் தலைக்கு அடியில போட்டுட்டு விட்டுடறாங்க, போல்ட்டோட உடம்பு ஓட்டைக்குள்ள அலுமினியத்த உரசிக்கிட்டுதான் இருக்கும். முழுசா பிரிக்கணும்னா மூணு எடத்துல தடுப்பு வேணும், ரெண்டு தகட்டுக்கும் நடுவுல ஒரு ஷீட், போல்ட்ட சுத்தி குழாய் மாதிரி ஒரு புஷ், தலைக்கும் நட்டுக்கும் அடியில வாஷர். மாட்டி முடிச்சதும் மல்டிமீட்டர எடுத்து ஸ்டீலுக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல வச்சுப் பாருங்க, பீப் சத்தம் வந்தா எங்கயோ தொடுதுன்னு அர்த்தம். இப்படி முழுசா பிரிச்சா அந்த அலுமினிய பாகத்துக்கு எர்த் போகாது, லைட்டோ சென்சாரோ பாடில எர்த் எடுத்திருந்தா தனியா ஒரு வயர் இழுக்கணும், அது பலருக்கும் ஞாபகம் வராது.

நைலானுக்கு இன்னொரு குணம், அழுத்தம் கொடுத்து வச்சா நாள்பட அமுங்கிக்கிட்டே போகும், போல்ட் லூஸாகும். அதனால டைட்டு முக்கியமான எடத்துல கிளாஸ் எபாக்சி வாஷர் போடணும், எலக்ட்ரிக்கல் கடைல ஷீட்டா கிடைக்கும், வெட்டிக்கலாம். அலுமினியம் மெத்துன்னு இருக்கறதால வாஷர் அகலமா இருக்கணும், இல்லன்னா தலை உள்ள அமுங்கிடும். அலுமினியத்துல நேரா டேப் அடிச்சு ஸ்டீல் போல்ட் ஏத்தறதுன்னா ஹெலிகாயில் (த்ரெட்டுக்குள்ள வைக்கற கம்பிச் சுருள்) போட்டுடுங்க, அடிக்கடி கழட்டினா த்ரெட் போயிடும். மாட்டும்போது கிராஃபைட் கிரீஸும் செம்பு கலந்த ஆண்டி-சீஸும் தடவாதீங்க. கிராஃபைட், செம்பு ரெண்டுமே ஸ்டீல விட அலுமினியத்துக்குப் பெரிய எதிரி.

ரிவெட்ட பத்தி. பாப் ரிவெட் (நடுவுல இருக்கற ஆணிய கன்னால இழுத்து உடம்ப விரிய வைக்கறது) மலிவு, வேகம், ஒரு பக்கம் மட்டும் கை போனா போதும், அதனாலதான் சின்னப் பட்டறைலேர்ந்து பெரிய பட்டறை வரைக்கும் அதுதான் ஓடுது. கடைல சும்மா ரிவெட் குடுங்கன்னு கேட்டா பெரும்பாலும் அலுமினிய உடம்பு, ஸ்டீல் ஆணி இருக்கறதத்தான் குடுப்பாங்க. அந்த ஆணியோட உடைஞ்ச துண்டு உள்ளயே நிக்கும், துரு பிடிச்சு வெள்ளை பாடில பழுப்புக் கோடா வழியும், பழைய பஸ்ஸுங்கள்ல ஜன்னலுக்குக் கீழ அந்தக் கோடு வரிசையா தெரியும். ஆணியும் அலுமினியமா இருக்கற ரிவெட் கேட்டு வாங்கலாம், பலம் கொஞ்சம் கம்மி. பலம் வேணும்னா 6.4 மி.மீ. ஸ்ட்ரக்சுரல் ரிவெட் இருக்கு, அதுல ஆணி உள்ளயே லாக் ஆகி வெட்டுவிசைய (பக்கவாட்டுல அறுக்கற இழுவை) தானும் தாங்கும். மழைத் தண்ணி உள்ள போகக் கூடாதுன்னா பின்பக்கம் மூடின சீல்டு டைப் கேளுங்க. எதுவா இருந்தாலும் ரிவெட்ட ஈரமான சீலன்ட்ல முக்கி அடிக்கணும், காசு ஒண்ணும் பெருசா ஆகாது, சோம்பேறித்தனம்தான் தடுக்குது.

ரிவெட்டுக்கும் போல்ட்டுக்கும் பொதுவா ஒரு தலைவலி, வெயில். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 23 மைக்ரான் நீளும், ஸ்டீல் 12 தான். ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரே ஷீட்டா போட்டிருக்கீங்கன்னு வைங்க, ராத்திரி 25 டிகிரி, சித்திரை வெயில்ல ஷீட் 65 டிகிரி, 40 டிகிரி வித்தியாசம். கணக்கு போட்டா ரெண்டுக்கும் நடுவுல 2.6 மி.மீ. மேல வித்தியாசம் வருது, 12 மீட்டர் பஸ்ஸுன்னா 5 மி.மீ. தாண்டிடும். இதுலயும் நான் சட்டமும் அதே சூடு ஆகுதுன்னு வச்சுத்தான் போட்டிருக்கேன், நிஜத்துல ஷீட் முன்னாடியே சூடாகும், சட்டம் நிழல்ல பின்னாடிதான் வரும். அந்த மில்லிமீட்டர் எங்கயாவது போய்த்தானே ஆகணும், ஒண்ணு ஷீட் அலை அலையா எழும்பும், இல்லன்னா ரிவெட் ஓட்டை நீள்வட்டமாகும். நீளமான ஷீட்ட துண்டு துண்டா பிரிச்சு நடுவுல ஓவர்லாப் விட்டு போடறது, ஒரு முனைய மட்டும் இறுக்கிட்டு மத்த எடத்துல நீள ஓட்டை விடறது, இதெல்லாம் பழைய ஆளுங்க கணக்கு போடாமயே பண்ணிட்டு வந்த வேலை.

வெயிலுக்கு நல்ல பதில் பசைகிட்ட இருக்கு. பசைன்னதும் அரால்டைட் ட்யூப் ஞாபகம் வந்து சிரிக்கறவங்க இன்னும் இருக்காங்க, ஆனா இன்னிக்கு பஸ் கண்ணாடியே பாலியூரித்தேன் பசையிலதான் நிக்குது. மூணு ரகம்னு வச்சுக்கலாம். ஒண்ணு பாலியூரித்தேன், சிகாஃப்ளெக்ஸ் மாதிரி, ரப்பராவே இருக்கும், ஒரு சதுர மி.மீ.க்கு ரெண்டு மூணு நியூட்டன்தான் தாங்கும், ஆனா 3 மி.மீ. தடிமனா போட்டா மேல சொன்ன வெயில் நீட்டத்த அதுவே முழுங்கிடும், அதிர்வையும் வாங்கிக்கும். ரெண்டாவது மெத்தக்ரிலேட், 15லேர்ந்து 20 நியூட்டன் வரைக்கும் போகும், சீக்கிரம் காயும், பரப்ப ரொம்ப சுத்தம் பண்ணாட்டியும் கொஞ்சம் மன்னிக்கும், நாத்தம் மட்டும் தாங்காது. மூணாவது டஃபன்டு எபாக்சி (சுலபமா விரிசல் விடாத ரகம்), 20, 25ன்னு போகும், ஆனா இறுகினா இறுகினதுதான், அடுப்பு வெச்சு காய வச்சா இன்னும் பலம், பட்டறைல அந்த வசதி யாருக்கு இருக்கு.

25 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளம் ஒரு மெத்தக்ரிலேட் ஒட்டு, 15 நியூட்டன்னு வச்சா 37,500 நியூட்டன், கிட்டத்தட்ட 3.8 டன். கேக்க அற்புதமா இருக்கும். ஆனா அது லேப்ல சுத்தமான பட்டைல ஒரே இழுவைல எடுத்த கணக்கு. சூடு, ஈரம், அதிர்வு, நம்ம ஆளு துடைச்ச லட்சணம் எல்லாம் சேர்த்தா அதுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல நான் நம்ப மாட்டேன். பசைக்கு இன்னொரு பலவீனம் உரியறது, பக்கவாட்டுல இழுத்தா யானை பலம், ஓரத்துலேர்ந்து நிமிர்த்தி உரிச்சா விரல் பலத்துக்கே வந்துடும்.

பசைல தோத்தவங்க பெரும்பாலும் பரப்ப தயார் பண்றதுல தோத்தவங்கதான். அலுமினியத்த ஸ்காட்ச் பிரைட்டால தேச்சு, ஐசோப்ரோப்பைலோ அசிட்டோனோ புதுத் துணில தொட்டு ஒரே திசைல துடைச்சு, பிரைமர் போட்டு, அன்னிக்கே ஒட்டணும், நாளைக்கு ஒட்டிக்கலாம்னு விட்டா ஆக்சைடும் தூசியும் திரும்ப வந்து உக்காந்துடும். ஸ்டீல் பக்கம் ரெட் ஆக்சைடு மேல ஒட்டினா பசை ரெட் ஆக்சைடோடதான் ஒட்டும், அது உரிஞ்சு வந்தா பசையும் கூடவே வரும், நல்ல எபாக்சி பிரைமர் மேல ஒட்டுங்க. பாலியூரித்தேன் ஈரக்காத்துல காயற ரகம், ஒரு நாளைக்கு 3, 4 மி.மீ. ஆழம்தான் காயும், அகலமா போட்டுட்டு மறுநாள் காலைல வண்டிய எடுத்துட்டுப் போகாதீங்க. இவ்வளவு தொல்லைக்கு நடுவுல ஒரு பெரிய லாபம் இருக்கு, பசையே தடுப்பாவும் ஆயிடுது. ரெண்டு உலோகமும் தொடறதில்ல, தண்ணியும் உள்ள போறதில்ல.

அதனால நம்ம ரேஞ்சு பட்டறைக்கு என் ஓட்டு பசையும் ரிவெட்டும் சேர்த்துப் போடறதுக்குத்தான். பசை வெட்டுவிசையையும் தண்ணியையும் பாத்துக்கும், ரிவெட் பசை காயற வரைக்கும் கிளாம்ப் வேலை பாத்துட்டு அப்புறம் ஓரம் உரியாம பிடிச்சுக்கும். 1996ல வந்த லோட்டஸ் எலிஸ் காரு இந்த யோசனைய எங்க வரைக்கும் கொண்டு போச்சுன்னா, அலுமினிய சேஸிஸ எபாக்சிலயே ஒட்டி, உரியக் கூடாதுங்கறதுக்காக மட்டும் ஸ்க்ரூ போட்டாங்க, அந்த அலுமினிய சேஸிஸோட பின்பக்கம் ஜிங்க் பூசின ஸ்டீல் சப்ஃபிரேம போல்ட்ல மாட்டினாங்க. கழட்ட வேண்டிய எடத்துல போல்ட், கழட்டாத எடத்துல பசை, நடுவுல ஜிங்க். ஒரே வண்டில மூணு முடிவும் இருக்கு பாருங்க.

இனி ஃபேக்டரிக்காரங்க சமாச்சாரம், வேகமா பாத்துடலாம். செல்ஃப் பியர்சிங் ரிவெட்டுன்னு ஒண்ணு, ஓட்டையே போடாம ரிவெட்ட நேரா குத்தி இறக்கி அடித்தகட்டுக்குள்ள விரிய வைக்கும். 1994 ஆடி ஏ8, 2015 ஃபோர்ட் எஃப்-150 பாடியெல்லாம் இதுல கட்டினது. ரெண்டு பக்கமும் மெஷின் பிடிக்கணும், டன் கணக்குல அழுத்தம் வேணும், ரோபோ இருந்தா போங்க. ஆஸ்திரியாவோட ஃபிரோனியஸ் கம்பெனி கொண்டு வந்த சிஎம்டி வேற கதை, மிக் வெல்டிங்தான், ஆனா வயர முன்ன பின்ன இழுத்து சூட்ட குறைச்சு, அலுமினிய பக்கம் உருகி வெல்டாகவும் ஸ்டீல் பக்கம் உருகாம பிரேசிங்காவும் பிடிக்க வைக்கும். ஸ்டீல் கட்டாயம் ஜிஐயா இருக்கணும், மெல்லிய ஷீட்டா இருக்கணும், வயர் சிலிக்கான் கலந்த அலுமினியம். ஜிங்க் 907 டிகிரில ஆவியாகிடும், புகைய உள்ள இழுத்தா காய்ச்சல் வரும், காத்தோட்டம் வேணும். ஜாயிண்ட் நல்லா இருக்கும், மெஷின் விலை லட்சக்கணக்குல, ஒரே டிசைன் ஆயிரம் பீஸ் ஓட்டறவங்களுக்குத்தான் கட்டும்.

ஃபிரிக்ஷன் ஸ்டிர் வெல்டிங் 1991ல இங்கிலாந்து டிடபிள்யூஐங்கற வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்துல கண்டுபிடிச்சது, உருக வைக்காமலே சுத்தற உலோக முளையால கலக்கி ஒட்டறது. ஹோண்டா 2013 மாடல் அக்கார்டோட முன் சப்ஃபிரேம்ல ஸ்டீலையும் அலுமினியத்தையும் இப்படி தொடர்ச்சியா ஒட்டினாங்க, முழு ஸ்டீல் சப்ஃபிரேம விட 25 சதவீதம் எடை குறைஞ்சுதுன்னு சொன்னாங்க. ஷாஃப்ட், ராடு மாதிரி உருண்டை வேலைக்கு சுத்தி அழுத்தற ரோட்டரி ஃபிரிக்ஷன் வெல்டிங் நல்லாவே வரும், இது மட்டும் ஜாப் ஒர்க்கா வெளில குடுத்து வாங்கற அளவுக்கு பக்கத்துல இருக்கு. அலுமினிய கேபிள செம்புல மாட்ட எலக்ட்ரீஷியன் வாங்கற பைமெட்டாலிக் லக்குல கூட பல ரகம் இப்படி உராய்ஞ்சு ஒட்டினதுதான்.

கடைசியா வெடி. இத நான் ஃபேக்டரி லிஸ்ட்ல சேர்க்கல, ஏன்னா வெடிக்கறது வேற எங்கயோ, நமக்கு வர்றது ஒரு பட்டை. ஸ்டீல் தகட்டு மேல கொஞ்சம் இடைவெளி விட்டு அலுமினியத் தகட்ட வச்சு, அதுக்கு மேல வெடிமருந்து பரப்பி ஒரு ஓரத்துலேர்ந்து வெடிக்க விட்டா, மோதற வேகத்துல ஆக்சைடு தோலெல்லாம் முன்னாடி பீச்சி அடிச்சு வெளியேறி, சுத்தமான ரெண்டு உலோகமும் அலை அலையா பின்னிக்கும். சூடு பரவ நேரமே இல்லாததால அந்த நொறுங்கற படலம் பெருசா வளராது. டியூபான்ட் கம்பெனி 1960கள்ல இத வியாபாரமாக்கினாங்க. இப்ப கப்பல் கட்டறவங்க ஸ்டீல் உடலுக்கு மேல அலுமினிய மேல்கட்டு வைக்க இந்தப் பட்டையத்தான் நடுவுல போடறாங்க, கீழ ஸ்டீல், நடுவுல சுத்தமான அலுமினியம் ஒரு அடுக்கு, மேல கப்பல் ரக அலுமினியக் கலவை. ஸ்டீல் பக்கத்துல ஸ்டீல் வெல்டு, அலுமினிய பக்கத்துல அலுமினிய வெல்டு, ரெண்டுமே நம்ம வெல்டருக்குத் தெரிஞ்ச வேலைதான்.

நிபந்தனை ஒண்ணு இருக்கு, ஒட்டின எல்லை 315 டிகிரிய தாண்டக் கூடாது. டெம்பரேச்சர் ஸ்டிக் (குறிப்பிட்ட சூட்டுல உருகற குச்சி) வச்சுப் பாத்துப் பாத்து, விட்டு விட்டு வெல்டு பண்ணணும், முதல்ல அலுமினிய பக்கம் முடிக்கறது நல்லது, அந்தப் பக்கம் சூடு சீக்கிரம் ஓடிடும். பட்டை அகலம் மேல வர்ற அலுமினியத் தகட்டு தடிமனுக்கு நாலு மடங்கு எடுக்கறது வழக்கம், 6 மி.மீ. தகடுன்னா 24 மி.மீ. பட்டை. எல்லைக் கோடு வெளில தெரியற எடத்துல பெயிண்டால மூடிடணும். விலை எக்கச்சக்கம், ஆர்டர் போட்டு காத்திருக்கணும். ஆனா தொடர்ச்சியா, தண்ணி புகாம, முழு பலத்தோட வெல்டுதான் வேணும்னு நிக்கறவங்களுக்கு நான் தைரியமா கைகாட்டற ஒரே வழி இதுதான். படகு கட்டறவங்க, பெரிய டேங்க் செய்யறவங்க விசாரிச்சுப் பாக்கலாம்.

இப்ப எடத்த வச்சு முடிவுக்கு வருவோம். பஸ்ஸோ மினி லாரியோ, பக்கச்சுவர் ஷீட்டுன்னா பாலியூரித்தேன் பசை, ஓரத்துல மட்டும் சீல்டு ரிவெட், நடுவுல ரிவெட் வரிசையே வேணாம், ஷீட்டும் வழவழன்னு இருக்கும். செக்கர் பிளேட் தளம்னா தண்ணியும் சேறும் நிச்சயம், பின்னாடி கழட்டவும் வேண்டி வரும், அதனால ஜிஐ போல்ட், குறுக்குச் சட்டத்துக்கு மேல எபாக்சி பிரைமரும் தண்ணி குடிக்காத ரப்பர் பட்டையும், நீள ஓட்டையும். ரொம்ப கருப்பா கார்பன் அதிகமா சேர்த்த ரப்பர் லேசா கரன்ட் கடத்தும், அதையும் மல்டிமீட்டர்ல ஒரு தடவ பாத்துட்டு வாங்குங்க. கதவுக் கீல், லாக், ஏணி மாதிரி இழுத்து அடிக்கற எடத்துல பசைய நம்பாதீங்க, உள்பக்கம் பேக்கிங் பிளேட் வச்சு போல்ட், கிளாஸ் எபாக்சி வாஷர். எடை தொங்கற பிராக்கெட்டு எதையாவது அலுமினியத்துல பண்ணி சேஸிஸ்ல மாட்டணும்னா, ஜாயிண்ட்ட யோசிக்கறதுக்கு முன்னாடி அந்த பிராக்கெட்ட ஸ்டீல்லயே பண்ணிட்டா எத்தன கிலோ கூடும்னு பாருங்க, பல நேரம் ரெண்டு கிலோவுக்காக இருபது வருஷத் தலைவலிய வாங்கறோம்.

ஏற்கனவே கட்டின வண்டில ரிவெட் தலையச் சுத்தி பெயிண்ட் கொப்புளம் வந்திருந்தா மேல புட்டி போட்டு மறைக்கறது வேஸ்ட். அந்த வரிசைய ட்ரில் போட்டு எடுத்துட்டு, வெள்ளைப் பொடிய வயர் பிரஷ்ல இல்லாம நைலான் பிரஷ்ல தேச்சு எடுங்க, ஸ்டீல் வயர் பிரஷ் போட்டா இரும்புத் துகள் அலுமினியத்துல பதிஞ்சு புதுசா அரிப்பு ஆரம்பிக்கும். ஓட்டை பெருசாயிருந்தா அடுத்த சைஸ் ரிவெட்டோ பெரிய தலை ரிவெட்டோ போட்டு, நடுவுல சீலன்ட் முழுசா நிரம்பியிருக்கான்னு ஓரத்துல பிதுங்கி வர்றத வச்சு பாத்துக்குங்க.